பால் காய்ச்சிய வீடு

செருப்பில் கால் தடம் விழுந்திருந்தது.

லோகப்பிரியா வாசற்படிக்கு முன்னால் குத்தவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வாரத்துக்கு முன்பு காந்திபுரம் பிளாட்பாரத்தில் அவளே பேரம் பேசி வாங்கி வந்து போட்ட செருப்புகள். ஆணுக்கு ஒரு ஜோடி, பெண்ணுக்கு ஒரு ஜோடி, சின்னப் பிள்ளைக்கு ஒரு ஜோடி. யாரும் காலில் போடுவதற்காக வாங்கியதல்ல. வாசலில் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பெண் செருப்பின் உள்பக்கத்தில் ஐந்து விரலும் குதிகாலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. வியர்த்த கால் வருடக்கணக்கில் அழுத்தி அழுத்தி உண்டாக்குகிற கறுப்பு. பெருவிரல் இருந்த இடம் குழிந்து, பளபளவென்று தேய்ந்திருந்தது.

பக்கத்துத் தறிக்கூடத்தின் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்து நான்கு விசைத்தறிகள், இரண்டு ஷிப்ட். சோமனூரில் அதை யாரும் சத்தமாகவே எடுத்துக்கொள்வதில்லை. நின்றுபோனால்தான் காது அதைத் தேடும்.

வீடு லேஅவுட்டின் கடைசி சைட்டில் இருந்தது. நாலு சென்ட் இடம், கீழே ஹாலும் அடுப்படியும், மாடியில் ஒரு ரூம். திருப்பூரில் இருக்கும் அங்கப்பன் என்பவர் விற்பதற்காகவே நான்கு வருடத்துக்கு முன்பு கட்டியது. அன்றிலிருந்து ஒருவரும் அதில் ஒரு ராத்திரி கூடத் தங்கியதில்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாகிவிட்டது. சாவு இல்லை, கேஸ் இல்லை, பழைய கதை எதுவும் இல்லை. விற்கவில்லை, அதுதான் அதன் ஒரே குறை. அதனால்தான் விலை குறைந்தது. அதனால்தான் லோகப்பிரியா அதைப் பிடித்தாள்.

மூன்று வருடம் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை பார்த்துவிட்டு அவள் கதிர்வேலின் ரியல் எஸ்டேட் ஆபீசில் சேர்ந்தது கமிஷனுக்காக அல்ல. தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும், குறைந்த விலையில் வருகிற முதல் வீட்டை அட்வான்ஸ் கொடுத்துத் தன் பேரில் அக்ரிமென்ட் போட்டுக்கொள்ள வேண்டும், கெடு முடிவதற்குள் கூடுதல் விலைக்கு வேறு பார்ட்டிக்குக் கைமாற்றிவிட வேண்டும். கதிர்வேல் அப்படித்தான் மேலே வந்தவர். அவளுடைய சேமிப்பு முழுதும், அம்மாவின் சங்கிலியும் அந்த அட்வான்ஸில் போயிருந்தன. இருபதாம் தேதிக்குள் விற்காவிட்டால் அத்தனையும் அங்கப்பனுக்கு.

இன்றைக்குத் தேதி நான்கு.

"ஆளு பொழங்காத ஊட்டை எவனும் வாங்க மாட்டான் அம்மணி. பொழங்கறாப்பல காட்டு," என்று கதிர்வேல் சொல்லிக் கொடுத்திருந்தார். செருப்பும், கொடியில் காயும் பழைய சேலையும், அடுப்பும் நான்கு டம்ளரும் அவர் யோசனை. பால் அவளுடைய யோசனை. வாங்க வருகிறவர்கள் உள்ளே நுழையும்போது வீடு வீடாக மணக்க வேண்டும் என்று நினைத்தாள். முதல் பார்ட்டி வந்த அன்று காலை, யாருமில்லாத அடுப்படியில் தனியாக நின்று, அரை லிட்டர் பாலைக் காய்ச்சிப் பொங்கவிட்டாள். பொங்கி வழிந்ததும் பழக்கதோஷத்தில் கையெடுத்துக் கும்பிட்டாள். குடிக்க ஆளில்லை. நான்கு டம்ளரிலும் ஊற்றி மேடையில் வைத்தாள். பார்ட்டி போன பிறகு டம்ளர்களை எடுத்தபோது அவை காலியாக இருந்தன. வந்தவர்கள்தான் குடித்திருப்பார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

"இன்னிக்காவது மொகத்தைக் காட்டறயே."

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தையம்மாள் நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. தறிச் சத்தத்தை மீறிக் கத்திப் பேசியே பழகிய தொண்டை.

"நல்லாருக்கீங்களாங்க?" என்று லோகப்பிரியா எழுந்து நின்றாள்.

"எங்களுக்கென்ன. பால் காச்சிக் குடி வந்தீங்க. பக்கத்துல ஒருத்தி இருக்கறாளே, ஒரு வார்த்தை கூப்புடுவோம்னு தோணலை. சரி, பெரிய எடம்."

"இல்லீங்க, யாரும் குடி வரலைங்க. நான் புரோக்கருங்க. ஊடு காட்டறதுக்கோசரம் சும்மா காச்சினதுங்க."

"சும்மா பால் காச்சுவாங்களா எங்கியாச்சும்?"

லோகப்பிரியா சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப காத்தால வாசல் தெளிக்கறவ யாரு? உங்கொக்காளா? ஏனுங்னு கூப்புட்டா நிமிர மாட்டேங்கறா. குனிஞ்ச தலை குனிஞ்சபடியே படியேறி உள்ளார போறா. அவ்வளவு ராங்கி." குழந்தையம்மாள் சுவரோரம் துப்பினாள். "நல்ல குடும்பமா இருந்தா பேசியிருக்கும்."

அவள் போய்விட்டாள். லோகப்பிரியா தரையைப் பார்த்தாள். வாசல் மண்ணில் தண்ணீர் தெளித்த ஈரம் இன்னும் காயாமல் இருந்தது.

பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. திறந்து உள்ளே போனாள். இரண்டு வாரமாக அவள் வந்திருக்கவில்லை, ஆனால் தரையில் தூசி இல்லை. அடுப்படியில் பால் வாசம் அடித்தது; காய்ச்சிய பாலின் வாசம் அல்ல, காய்ச்சி மறந்து மூடிவைத்து இரண்டு நாளான பாலின் வாசம், அதனடியில் தேங்காயெண்ணெய் தேய்த்த தலையின் வாசம், ஈரப் போர்வையின் வாசம். ஒவ்வொரு வாசத்துக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று லேபில் மூன்று வருடம் பழகிய மூக்கு அவளுடையது. காரணத்தைத் தேடிக்கொண்டு அவள் ஹாலின் நடுவில் நின்றபோது, கரண்ட் போனது.

தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சு விட்டு நின்றன.

அந்த அமைதிக்குள், மாடியில், யாரோ கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

சரக். சரக்.

இரண்டு இழுப்பு. பிறகு அதுவும் நின்றது. சத்தம் போனதை மேலே இருந்தவரும் இப்போதுதான் கவனித்தது போல. கீழே நிற்கிறவளைப் போலவே அவரும் காது கொடுத்துக் கேட்பது போல.

கரண்ட் வந்தது. தறிகள் ஓடின. லோகப்பிரியா மாடிக்குப் போகவில்லை. வெளியே வந்து பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, வண்டியில் ஏறும் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரோ உள்ளே பொழங்கறாங்கண்ணா," என்று கதிர்வேலுக்கு போன் செய்தாள்.

"பூட்டுத் தொறப்பு உன்ற கையில ஒண்ணு, என்ற கையில ஒண்ணு. வேற எவங்கிட்ட இருக்குது?"

"தெரியலைங்ணா. மேல சத்தம் கேட்டுச்சுங்ணா."

கதிர்வேல் சிரித்தார். பக்கத்தில் யாரிடமோ சொல்லி, அவர்களும் சிரிப்பது கேட்டது. "கெமிஸ்ட்ரி படிச்ச புள்ள பேசற பேச்சா இது? எலி ஓடியிருக்கும். புதன்கிழமை சுப்பண்ணன் பார்ட்டி வருது, கையில காசு வெச்சிருக்கற பார்ட்டி. இதையும் உட்டீன்னா அங்கப்பன் உன்ற அட்வான்ஸை முழுங்கி ஏப்பம் உட்டுருவான். அப்பறம் என்றகிட்ட வந்து மூக்கைச் சிந்தாதே."

புதன்கிழமை ஷட்டவுன். காலை ஒன்பது மணிக்கே கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். தறிகள் இல்லாத சோமனூர் காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. எங்கோ ஒரு ஆடு கத்துவது, யாரோ குடம் வைப்பது, எல்லாம் காதுக்குள்ளேயே கேட்டது. லோகப்பிரியா அன்று பால் காய்ச்சவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு வெயிலில் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

பதினொரு மணிக்குச் சுப்பண்ணன் காரில் வந்தார், மனைவி சென்னியம்மாளோடு. அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், தண்ணீர்த் தொட்டி எந்த மூலை என்று கேட்டார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று அவர் குறை சொன்ன விதத்திலேயே தெரிந்தது. சென்னியம்மாள் யாரையும் கேட்காமல் மாடி ஏறினார்.

அவர் இறங்கி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"ஏம்மா, ஆளுக குடியிருக்கற ஊட்டைக் காலின்னு சொல்லிக் காட்டறியா?"

"இல்லீங்க, காலிதானுங்க."

"மேல கட்டல்ல ஒரு புள்ள ஒருக்களிச்சுப் படுத்திருக்குது. ஏனம்மணி ஒடம்புக்கு முடியலையான்னு கேக்கறேன், போர்வைக்குள்ளயே மொகத்தைத் திருப்பிக்குது. நாலு பேரு ஏறி எறங்கற எடத்துல முடியாதவளைப் போட்டு வெச்சிருக்கீங்களே, மனசாட்சி இருக்குதா?"

"கட்டில் இல்லீங்க," என்றாள் லோகப்பிரியா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. "மாடியில ஒண்ணுமே இல்லீங்க."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

சுப்பண்ணன் மனைவியின் தோளைத் தொட்டு நிறுத்தினார். "ஊடு எங்களுக்குப் புடிச்சிருக்குதும்மா. ஆளைக் காலி பண்ணிப்போட்டு கதிர்வேலை எனக்குப் பேசச் சொல்லு. குடியிருக்கறவங்க வயித்தெரிச்சலை வாங்கிக் கட்டிக்கறதுக்கு நான் ஆளில்ல."

கார் போனது. போனில் அவள் சொன்னதைக் கேட்ட கதிர்வேல் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"நீ பால் காச்சும்போது கூட யாரு இருந்தா?"

"யாருமில்லீங்ணா."

"ஆரு பேருல காச்சினே?"

அவள் திறந்து கிடந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"குடி வெச்சவ நீ. நீயே வெளியே தாட்டி உடு," என்றார் கதிர்வேல். "இன்னிக்குப் பொழுதுக்குள்ள. என்னைய அங்கே கூப்புடாதே." வைத்துவிட்டார்.

மூன்றரை மணி வரை அவள் ரோட்டோர வேப்பமர நிழலில் நின்றாள். குழந்தையம்மாள் சுவருக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தபடி வெற்றிலை மென்றாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. உள்ளே போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை. லோகப்பிரியா படியில் கால் வைத்தபோது குழந்தையம்மாள் மெல்லுவதை நிறுத்தினாள். அவ்வளவுதான்.

லோகப்பிரியா கொண்டுவந்திருந்த சாக்கை எடுத்துக்கொண்டு அடுப்படியில் ஆரம்பித்தாள். அடுப்பு. பாத்திரம். நான்கு டம்ளர். டம்ளர்களின் விளிம்பில் உதடு பட்ட கறை. அலமாரியில் அவள் வைக்காத சீப்பு ஒன்று; நீளமான முடி அதில் சுற்றிச் சுற்றி ஒரு கோழிமுட்டை அளவுக்கு இருந்தது. அதைத் தொடாமல் துணியால் தள்ளிச் சாக்கில் போட்டாள். ஹாலில், தரையில் உட்கார்ந்தால் தலை சாயும் உயரத்தில், சுவரில் எண்ணெய்க் கறை. பக்கத்தில் சின்னப் பிள்ளை உயரத்துக்கு ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. கூரைக்கு ஒரு சாண் கீழே அதே மாதிரி வட்டமாக ஒன்று.

அது சுவரில் ஊறிய ஓதமாக இருக்கும்.

மாடிப்படியின் கீழே வந்து நின்றாள். ஏற முடியவில்லை. சத்தம் போட்டு ஒருவரை விரட்ட அவளுக்கு என்றுமே தெரியாது. பஸ்ஸில் இடித்தவனைக் கூட வாங்க போங்க என்று சொல்லித்தான் பழக்கம். படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் அரை இருட்டைப் பார்க்காமல், தரையைப் பார்த்துப் பேசினாள்.

"ஏனுங்க."

அமைதி.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. பாலைக் காச்சி உங்களைக் குடி வெச்சது நாந்தானுங்க. தெரியாம பண்ணிப்போட்டேன். இந்த ஊடு வித்தாகோணுங்க. என்ற அம்மா சங்கிலி, எல்லாமே இதுல கெடக்குதுங்க." சாக்கைக் கீழே வைத்தாள். "எந்திரிச்சு வந்துருங்க."

ஒன்றுமில்லை.

ஆடு கத்தியது. தூரத்தில்.

மாடியில் கட்டில் முனகியது.

இல்லாத கட்டில். பிறகு பாதங்கள். ஒரு ஜோடி. சின்னதாக இன்னொரு ஜோடி, ஓடி. பாத்திரம் உரசியது. எதையோ மடித்தார்கள், உதறினார்கள், கட்டினார்கள். அவசரமே இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்து செய்து பழகியவர்களின் நிதானம்.

படியில் இறங்கினார்கள்.

லோகப்பிரியா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நெற்றியைச் சுண்ணாம்பில் வைத்துக் கண்ணை மூடினாள். ஈரத் துணி ஒன்று அவள் முழங்கையை உரசிப் போனது. குளிர். புளித்த பால். சின்னதாக ஒரு கை அவள் சுடிதார் நுனியைப் பிடித்தது. விட்டது. கனமான நடை ஒன்று. மூச்சிரைப்பு. போய்விட்டது.

இன்னும் ஒன்று.

அதற்கு நடை இல்லை. மேலே, கூரையோரமாக, எதுவோ உரசிக்கொண்டே வந்தது. மெதுவாக. காரைத் தூள் அவள் தலையில் விழுந்தது. கழுத்தில் விழுந்தது. அவளுக்கு நேர் மேலே வந்ததும் நின்றது.

அவள் பார்க்கவில்லை.

பார்க்கவில்லை.

பார்க்கவில்லை.

உரசல் வாசலை நோக்கி நகர்ந்தது. அப்போது கரண்ட் வந்தது. பக்கத்தில் தறிகள் மொத்தமாக உயிர் பெற்றன.

கண்ணைத் திறந்தபோது வீடு மாறியிருந்தது. வெறும் சிமென்ட்டும் வெள்ளையுமாக இருந்தது. வாசம் இல்லை. அவள் மாடி வரைக்கும் போய்ப் பார்த்தாள். நான்கு சுவரும் ஒரு ஜன்னலும், அதில் விழும் சாயங்கால வெயிலும்தான். கீழே வாசலில் செருப்புகள் இல்லை. அவள் கதவைப் பூட்டினாள். காலி செய்துவிட்டாள். தனியாக, யார் துணையும் இல்லாமல்.

சூலூர் தாண்டும்போது கதிர்வேல் அழைத்தார். வண்டியை ஓரம் கட்டினாள்.

"என்னாச்சு?"

"காலி பண்ணிட்டேன்ங்ணா."

"நெசமாவா?" அவர் குரலில் முதல்முறையாக மரியாதை மாதிரி ஏதோ இருந்தது. "நான் சுப்பண்ணன்கிட்டப் பேசிப்போட்டேன். காலின்னா வெள்ளிக்கிழமையே கிரயம்ங்கறாரு, முழுப் பணம். நீ கேட்ட வெலைதான். பொழைச்சுக்குவே அம்மணி."

அவள் ரோட்டோரத்திலேயே நின்று அழுதாள். அம்மாவின் சங்கிலியை மீட்டுவிடலாம். அடுத்து இன்னும் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்க்கலாம். சிங்காநல்லூர் வரும்போது வண்டி இழுக்கத் திணறியது. பின்சக்கரம் அமுங்கி, எதிர்க்காற்றில் போவது போல ஊர்ந்தது. சாக்கில் பாத்திரம் கனம் என்று நினைத்துக்கொண்டாள்.

போத்தனூரில் அவர்கள் வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலைத் தாண்டியதும் ஒருவர் மட்டும் போகக்கூடிய நடை, அதன் முடிவில் ஹால். அவள் வண்டியை நிறுத்தி, சாக்கை இறக்கக் குனிந்தாள். கதவு திறந்திருந்தது. அம்மா ராசாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நடைக்கு வந்தாள்.

"ஏங்கண்ணு, ஒறம்பரை வாராங்கன்னு போன்ல ஒரு வார்த்தை சொல்லப்படாதா? வெறுங்கையோட நிக்கறனே நானு."

லோகப்பிரியா குனிந்தபடியே நின்றாள்.

வீட்டுக்கு ஒறம்பரையாக வருகிற சொந்தக்காரர்கள் எத்தனை பேராக இருந்தாலும், ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத் தனித்தனியாக வாங்க என்று சொல்ல வேண்டும். ஒருவரை விட்டாலும் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அம்மா யாரையும் விட்டதில்லை. நடையின் சுவரோடு ஒட்டி நின்று, சேலையை ஒதுக்கி, வழி விட்டாள்.

"வாங்க," என்றாள், தன் கண் உயரத்துக்கு நேராகப் பார்த்து.

அடுத்து முகத்தைத் தாழ்த்தி, இடுப்பு உயரத்தில் சிரித்தாள். "வா சாமி."

"அம்மா," என்று லோகப்பிரியா சொன்னாள். உதடு மட்டும்தான் அசைந்தது.

"வாங்க, வாங்க. வெயில்ல வந்துருக்கறீங்க."

பிறகு அம்மா வாசலைப் பார்த்தாள். அடுத்தவரை வரவேற்க முகத்தை நிமிர்த்தினாள். நிமிர்த்திக்கொண்டே போனாள். நிலைப்படியைத் தாண்டி, டியூப் லைட்டைத் தாண்டி, கழுத்து நரம்பு இழுபட, தலை பின்னால் சுவரில் இடிக்கும் வரை. சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, எடுக்க மறந்தது போல. நடையின் வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து அணைந்துகொண்டே வந்தது.

"வா..." என்றாள் அம்மா.

சொல் முடியவில்லை. வாய் திறந்தபடி நின்றது. அவளுக்கு மேலே கூரையில் காரை உதிர்ந்தது, கொஞ்சம் கொஞ்சமாக, திறந்த வாய்க்குள்ளும் கண்ணுக்குள்ளும். அம்மா கண்ணைச் சிமிட்டவில்லை. அது இன்னும் உள்ளே வந்துகொண்டே இருந்தது.